வஞ்சி சூடி வந்தவன் ஏன் தோற்றான்?

சால்வன் துவாரகைமேல் படையெடுத்து வந்தபோது அந்த நகரம் எப்படித் தயாரானது என்பதை மகாபாரதத்தின் வனபருவம் ஒரு கோட்டைக் காவல் அதிகாரியின் குறிப்பேடு போலச் சொல்கிறது. பாலங்களை உடைத்தார்கள். படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அகழிக்குள் கூர்முனைக் கழிகளை நட்டார்கள். நகரைச் சுற்றி ஒரு குரோசத் தொலைவுக்கு நிலத்தைக் குழியும் மேடுமாக்கினார்கள். முத்திரை காட்டாமல் ஒருவரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. யாரும் மது அருந்தக் கூடாது என்று முரசறைந்தார்கள். கூத்தரையும் ஆடுபவர்களையும் பாடுபவர்களையும் ஊரைவிட்டு வெளியே அனுப்பினார்கள். வீரர்களுக்குப் பாக்கியில்லாமல், பொன்னாகவே சம்பளம் கொடுத்தார்கள்.

வருகிற பகைவனோ சாதாரணமானவன் அல்லன். சௌபம் என்ற பறக்கும் நகரத்தில் அமர்ந்து வானத்திலிருந்து இறங்குகிறான். மாயை அறிந்தவன். அப்படிப்பட்டவனை எதிர்கொள்ளும் இடத்தில் கவி முதலில் கவலைப்படுவது பாலத்தைப் பற்றியும் படகைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும். இந்தப் பகுதியை முதன்முதலாகப் படித்தபோது வானத்தில் பறக்கும் நகரத்தை நான் நம்பியதற்குக் காரணம் அந்தச் சம்பளக் கணக்குதான். கீழே இருப்பதெல்லாம் இவ்வளவு உறுதியாக இருக்கும்போது மேலே பறப்பதும் உண்மையாகிவிடுகிறது.

ஃபேன்டசி என்று நாம் சொல்லும் மிகுபுனைவு இன்று தமிழிலும் நிறைய எழுதப்படுகிறது; மொழிபெயர்ப்பாகவும் தொடராகவும் விளையாட்டாகவும் வருகிறது. அதில் தவறாமல் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி, தோல்வியடைந்த படையெடுப்பு. கதை தொடங்குவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னால் வடக்கிலிருந்து ஒரு பெரும்படை வந்தது, முறியடிக்கப்பட்டது, அதனால்தான் இந்த மதில், அதனால்தான் இந்தப் பகை. பெரும்பாலும் ஒரே வரியில் இது கடந்துபோகும். எப்படி வந்தார்கள், எவ்வளவு பேர், என்ன தின்றார்கள், எந்த மாதத்தில் மலையைக் கடந்தார்கள், ஏன் தோற்றார்கள் என்று கேட்டால் எழுதியவரிடம் பதில் இருக்காது. கற்பனை உலகத்தின் உறுதியைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை என்பது என் எண்ணம். வென்ற படையெடுப்புக்கு வீரம் போதும், படிப்பவர் ஒத்துக்கொள்வார். தோற்ற படையெடுப்புக்குக் காரணம் வேண்டும், அந்தக் காரணம் அந்த உலகத்தின் மண்ணிலிருந்தே முளைக்க வேண்டும்.

நம்முடைய புறப்பொருள் இலக்கணம் போரின் படிகளுக்குப் பூக்களின் பெயர் வைத்தது. புறப்பொருள் வெண்பாமாலை சொல்லும் வரிசையில் ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. பகைவர் மண்ணை விரும்பிப் படையெடுப்பது வஞ்சி, அப்படி வருபவனை எதிர்நின்று தன் மண்ணைக் காப்பது காஞ்சி. மதிலைக் காப்பது நொச்சி, வளைப்பது உழிஞை. களத்தில் பொருவது தும்பை, வென்றவன் சூடுவது வாகை. வஞ்சி சூடிப் புறப்பட்டு, உழிஞை சூடி மதிலைச் சுற்றி நின்று, வாகை கிடைக்காமல் ஊர் திரும்புபவனுக்கு எந்தப் பூ? தனித் திணை எதுவும் இல்லை. அவனைப் பற்றி எழுத வருபவர் இலக்கணத்தின் துணையில்லாமல்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படையெடுத்து வருபவன் முட்டாளாக இருக்கக் கூடாது. அவன் போட்ட கணக்கு அவனுடைய மண்ணில் சரியாக இருக்க வேண்டும். இதுவரை பத்து நாடுகளை அதே கணக்கில் வென்றவனாக இருந்தால் இன்னும் நல்லது. வந்த இடத்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும் அவன் அளவுகோலுக்குள் அடங்காமல் போகிறது. அந்த ஒன்று எது என்று கண்டுபிடிப்பதுதான் எழுத்தாளரின் வேலை.

டோல்கீனின் நாவலில் வரும் இருள் அரசன் சௌரான் இதற்குச் சிறந்த சான்று. அவனுடைய வல்லமை அடங்கிய மோதிரம் தன் பகைவர்களிடம் சிக்கியிருக்கிறது, அவர்களில் ஒருவன் அதைக் கையில் அணிந்து தன்னை எதிர்க்க வருவான் என்பது அவன் கணிப்பு. அரகார்ன் பலந்தீர்க் கல்லின் வழியாகத் தன்னைக் காட்டியதும் அந்தக் கணிப்பு உறுதியாகிறது. எதிரி மோதிரத்தைப் பழகிக்கொள்வதற்குள் அடித்துவிட வேண்டும் என்று, தயாரிப்பு முழுமையடையும் முன்பே மினாஸ் திரித்மேல் படையை ஏவுகிறான். அவனிடம் இருந்த செய்திகளை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு. அவ்வளவு பெரிய வல்லமையை ஒருவர் அழிக்க நினைப்பார் என்பது மட்டும் அவன் மனத்தில் தோன்றவே முடியாத ஒன்று. அவன் தோல்வி அவனுடைய இயல்பிலிருந்தே வருகிறது. அதனால்தான் அந்தப் போரில் தற்செயல்கள்கூட நமக்கு உறுத்துவதில்லை. கடலிலிருந்து எழும் காற்று மோர்தோர் பரப்பிய இருளை விலக்குகிறது, அதே காற்று அரகார்ன் ஏறிவரும் கப்பல்களையும் ஆற்றில் மேலே தள்ளுகிறது. ரோகன் நாட்டுக் குதிரைப்படைக்கு வழி மறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் முற்காலத்தில் கல் ஏற்றிய வண்டிகள் போன ஒரு பள்ளத்தாக்குப் பாதை காட்டுக்குள் தூர்ந்து கிடக்கிறது. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் எல்லோராலும் துரத்தப்பட்ட காட்டு மக்கள். பெரிய அரசுகள் மறந்துபோனதைச் சிறிய மக்கள் மறக்கவில்லை என்பது டோல்கீனின் உலகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும் செய்தி. போரின் முடிவும் அங்கிருந்தே வருகிறது.

ஏன் வருகிறான் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். மண்ணாசை பொதுக் காரணம், அது போதாது. சால்வன் வந்தது சிசுபாலன் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க. கிருஷ்ணன் ஊரில் இல்லாத நேரம் அது. சராசந்தன் மதுரா நகர்மேல் வந்தது, கம்சன் இறந்து தன் மகள்கள் இருவரும் ஒரே நாளில் கைம்பெண்களாகத் தன் வீட்டு வாசலில் வந்து நின்றதால். அவன்மேல் நமக்குக் கொஞ்சம் இரக்கம் வருவது இதனால்தான். காரணம் சொந்தமாக இருந்தால், அது வழியில் மாறிப்போகும்போது என்ன ஆகும் என்றும் கேட்கலாம். யுவான் பேரரசின் குப்ளாய் கான் சாவகத்துக்குத் தூதனுப்பினான். கேர்த்தநகர மன்னன் அந்தத் தூதனின் முகத்தைச் சிதைத்துத் திருப்பியனுப்பினான். அவமானத்துக்குப் பழிவாங்கும் கடற்படை 1293இல் வந்து இறங்கியபோது, தண்டிக்க வேண்டிய மன்னன் ஏற்கெனவே வேறொருவன் கையால் செத்திருந்தான். அவனுடைய மருமகன் விஜயன் பணிந்து வந்து, அந்தக் கொலைகாரனை வெல்ல உதவுங்கள் என்றான். மங்கோலியர் உதவினார்கள், வென்றார்கள். வென்ற கையோடு விஜயன் அவர்கள்மேலேயே பாய்ந்தான். பருவக்காற்று மாறினால் இன்னும் பல மாதம் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்தில் அவர்கள் கப்பலேறினார்கள். விஜயன் நிறுவியது மஜபாகித் பேரரசு. வந்த படை ஒரு போரிலும் தோற்கவில்லை என்றே சொல்லலாம். அது வந்த காரணம்தான் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தது. எந்த மிகுபுனைவிலும் இதைவிட நல்ல கதைப்பின்னலை நான் படித்ததில்லை.

இனி வயிறு. இங்கே நான் கொஞ்சம் தங்கப்போகிறேன்; எழுதுபவர்கள் மிக வேகமாகத் தாண்டிப்போகும் இடம் இதுதான்.

1791 மார்ச்சில் ஆங்கிலேயப் படைத்தலைவர் கார்ன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். மே மாதத்தில் திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே அரக்கெரேயில் நடந்த சண்டையில் மைசூர்ப் படையைப் பின்வாங்கச் செய்தார். தலைநகரின் மதில் கண்ணுக்குத் தெரியும் தூரம். மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி அபர்குரோம்பியின் பம்பாய்ப் படை பெரியபட்டணம்வரை வந்துவிட்டது. வெற்றி முடிந்துபோன விஷயம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. திப்புவின் குதிரைவீரர்கள் வழியிலிருந்த தீவனத்தை ஏற்கெனவே எரித்திருந்தார்கள். பீரங்கி இழுக்கும் மாடுகள் நோயிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தன. மாடு இல்லாமல் முற்றுகைப் பீரங்கி ஒரு அடி நகராது. கார்ன்வாலிஸ் தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் பெங்களூரை நோக்கித் திரும்பினார். திரும்பத் தொடங்கியதும் எதிரே ஒரு பெரும் குதிரைப்படை. எதிரி என்று பதறினார்கள். வந்தவர்கள் கூட்டாளிகளான மராத்தியர். அவர்கள் முகாமின் சந்தையில் தானியம் இருந்தது. அவர்கள் நெருங்கிவரும் செய்தியைக் கொண்டுவந்த தூதர்களையெல்லாம் திப்புவின் குதிரைவீரர்கள் இடையிலேயே மடக்கியிருந்ததால் கார்ன்வாலிசுக்கு ஒன்றும் தெரியவில்லை. சில நாள் முன்னே தெரிந்திருந்தால் அந்தப் பீரங்கிகள் உடைந்திருக்காது. அடுத்த ஆண்டு அவர் மறுபடி வந்து திப்புவைப் பணியவைத்தார். ஆனால் 1791இல் ஒரு பேரரசின் படையைத் திருப்பியனுப்பியவை செத்த மாடுகளும் வந்துசேராத சில கடிதங்களும்.

இதே கணக்கைக் கற்பனை நாட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மலைநாட்டின் மேல் சமவெளி அரசன் ஒருவன் 30,000 காலாட்களோடும் 6,000 குதிரைகளோடும் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம், குதிரைக்கு ஐந்து கிலோ. மொத்தம் 60 டன். பொதிமாடு ஒன்று 100 கிலோ சுமக்கும் என்றால் ஒரு நாள் உணவுக்கு 600 மாடுகள், நாற்பது நாளுக்கு 24,000 மாடுகள். கணவாயில் ஒற்றையடிப் பாதை. மாட்டுக்கு மூன்று மீட்டர் இடம் விட்டால் பொதிமாட்டு வரிசை மட்டும் 72 கிலோமீட்டர் நீளம். மலைப்பாதையில் நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான் நடக்கலாம். ஆக, தலைமாடு மலையிறங்கிய ஐந்தாறு நாள் கழித்துத்தான் வால்மாடு இறங்கும். இந்த ஒரு எண் கையில் கிடைத்ததும் கதை தானாக நகரத் தொடங்குகிறது. மலைநாட்டார் படையின் முகத்தோடு மோதத் தேவையில்லை. வரிசையின் நடுவில் ஒரு மரப்பாலத்தை அறுத்தால் போதும். அல்லது முதல் பனி நான்கு நாள் முந்தி விழுந்தால் போதும். மாட்டுக்காரர்கள் யார், அவர்களுக்கு இந்தப் போரில் என்ன அக்கறை என்ற கேள்வியும் வருகிறது. தக்காணத்துப் படைகளுக்கெல்லாம் எருதுப் பொதியில் தானியம் கொண்டுவந்தவர்கள் லம்பாடிகள். இரு தரப்புக்கும் விற்றவர்கள். அவர்களைப் போன்ற ஒரு கூட்டம் திரும்பிப் போய்விட்டால் எந்த மாமன்னனும் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். பாகவதத்தில் சராசந்தன் 23 அக்குரோணிப் படையோடு பதினேழு முறை வருகிறான். ஒரு அக்குரோணியில் 21,870 யானைகள். இருபத்துமூன்றில் ஐந்து லட்சத்து மூவாயிரம். வளர்ந்த யானை நாளுக்கு 150 கிலோ தீவனம் தின்னும் என்று கொண்டால் ஒரு நாளைக்கு 75,000 டன் பசுந்தழை. புராணத்தில் அந்த எண் பிரமிப்பின் அளவு. அங்கே அது பொருத்தமாகவே இருக்கிறது. இன்றைய நாவலாசிரியர் அதே எண்ணை எடுத்தாளும்போது, யமுனைக் கரையில் மறுநாள் ஒரு மரமும் நிற்காது என்பதையும் எழுதியாக வேண்டும்.

உணவு கெடுவதற்கு எதிரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 1587இல் ஆங்கிலேயக் கடலோடி டிரேக் ஸ்பெயின், போர்ச்சுக்கல் கரையோரங்களைச் சூறையாடியபோது, பீப்பாய் செய்ய நன்றாக உலர்த்தி வைத்திருந்த பலகைகளைக் கொளுத்தினார். மறுஆண்டு இங்கிலாந்தின்மேல் புறப்பட்ட ஸ்பெயின் கடற்படையான ஆர்மடாவின் 130 கப்பல்களில் பச்சை மரத்தில் செய்த பீப்பாய்கள் ஏறின. தண்ணீர் ஒழுகியது, இறைச்சி அழுகியது. பீரங்கிச் சண்டை தொடங்குவதற்கு முன்பே மாலுமிகள் நோயில் விழுந்தார்கள். ஓராண்டுக்கு முன் எரிந்த பலகை ஓராண்டு கழித்துக் கொல்கிறது. நாவலில் இப்படியொரு விதையை எங்காவது ஐம்பது பக்கம் முன்னால் போட்டுவைப்பவர் வாசகரின் மதிப்பைப் பெறுவார்.

ஆர்மடாவுக்கு இன்னொரு குறை இருந்தது. ஃபிளாண்டர்சில் காத்திருந்த பார்மா பிரபுவின் தரைப்படையை அது ஏற்றிக்கொள்ள வேண்டும். கரையோரக் கடல் ஆழம் குறைந்தது, பெரிய கப்பல் நெருங்க முடியாது. சிறு படகில் வெளியே வந்தால் டச்சுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். 1281இல் ஜப்பான்மேல் போன மங்கோலியப் படையும் இரண்டாகவே புறப்பட்டது. கொரியாவிலிருந்து வந்தது முந்திவிட்டது; தென்சீனத்திலிருந்து வந்தது பிந்திவிட்டது. இரண்டு கைகள் ஒன்றுசேர வேண்டிய திட்டம் வரைபடத்தில் எப்போதும் அழகாக இருக்கும். தொலைபேசி இல்லாத உலகத்தில் அது எப்படிக் கெடும் என்று எழுதுபவர் யோசித்தாலே பாதித் தோல்வி தயார்.

அந்த 1281ஆம் ஆண்டுப் படையைச் சிதறடித்தது புயல். காமிகாஸே, அதாவது தெய்வக் காற்று, என்ற பேர் அதற்கு நிலைத்துவிட்டது. மிகுபுனைவு எழுதுபவர்களுக்கு இந்தக் காற்று பெரிய மயக்கம். தெய்வம் வந்து காப்பாற்றலாம், கதையும் முடிந்துவிடும். நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் புயல் கடைசியாக வந்த காரணம். முதல் படையெடுப்பு 1274இல் நடந்தபின் ஹகாட்டா விரிகுடாவைச் சுற்றி ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்குக் கல்மதில் எழுப்பியிருந்தார்கள். அதனால் கப்பல்களால் நினைத்த இடத்தில் இறங்க முடியவில்லை. வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்தன, புயல் மாதம்வரை கிடந்தன. மதில் கட்டியவர்கள் காற்றுக்கு இலக்கை நிறுத்திவைத்தார்கள். வியட்நாமின் பாக் தாங் ஆற்றில் 1288இல் நடந்ததும் இதே வகை. யுவான் படையின் உணவுக் கப்பல்களை வான் தோன் பகுதியில் முதலில் அழித்துவிட்டார்கள். பசியோடு திரும்பிக்கொண்டிருந்த கடற்படையை ஆற்றுக்குள் இழுத்து, வேலியிறக்கத்தில் நீர் வடிந்ததும் அடியில் நட்டுவைத்த மரக்கழிகளில் சிக்கவைத்தார்கள். 938இலும் அதே ஆற்றில் அதே உத்தியால் ஒரு சீனக் கடற்படை அழிந்திருந்தது. ஆற்றின் வேலியேற்ற இறக்கத்தை நாள்கணக்கில் அறிந்தவர்களுக்கு மட்டுமே கைவரக்கூடிய உத்தி அது.

தெய்வம் நேரடியாகத் தலையிடும் கதையும் எழுதலாம், அதற்குத் தனி இலக்கணம் உண்டு. டோல்கீனின் நூமெனோர் மன்னன் அர்-பாரசோன் சாவாமையைப் பறிக்கத் தேவர்கள் வாழும் வாலினோர்மேலேயே கப்பல்படை கொண்டுபோகிறான். உலகம் வடிவம் மாறுகிறது, நூமெனோர் கடலுக்குள் மூழ்குகிறது. இது ஏமாற்று வேலையாகத் தெரியாததற்குக் காரணம், மேற்கே கப்பல் விடக் கூடாது என்ற தடை அந்தத் தீவின் வரலாற்றில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்வாசிகளின் படையெடுப்புக் கதையில் அவர்களைக் கடைசியில் கொல்வது நுண்ணுயிர். பலர் இதைத் திடீர் முடிவு என்று குறை சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. நூலின் தொடக்கத்திலேயே நீர்த்துளிக்குள் நெளியும் உயிர்களை நுண்ணோக்கியில் பார்ப்பது போல அவர்கள் நம்மைப் பார்த்தார்கள் என்று உவமை வருகிறது. செவ்வாய்வாசிகளோடு வந்து ஆற்றங்கரையெல்லாம் படர்ந்த சிவப்புக் களை, அவர்களுக்கு முன்பே நோயில் வாடி உதிர்கிறது. விடை வாசகரின் கண்முன்னாலேயே கிடந்தது.

மந்திரம் இருக்கிற உலகத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஒரு மந்திரம் படையை அழிக்குமானால் அந்த நாட்டுக்கு மதில் எதற்கு, வேல் எதற்கு? எதிரிக்கும் அது தெரியாதா? லெ குவினின் எர்த்ஸீ வரிசையின் முதல் நாவலில், 1968இல் வெளிவந்ததில், இதற்குக் கிடைத்த பதிலைவிடச் சிறந்ததை நான் அறியேன். கார்காட் நாட்டு வீரர்கள் கோன்ட் தீவில் இறங்கி ஊரூராய் எரித்துக்கொண்டு மலையேறுகிறார்கள். பதின்மூன்று வயதுகூட நிறையாத துனி என்ற பையன், கொல்லனின் மகன், தனக்குத் தெரிந்த சின்ன வித்தை ஒன்றால் மூடுபனியை வரவழைக்கிறான். பனி யாரையும் கொல்லாது. ஆனால் அந்த மலையூரின் சந்துகளும் சரிவும் ஊர்க்காரர்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. பனிக்குள் உருவங்களைத் துரத்திப் போனவர்கள் செங்குத்துப் பாறை விளிம்பில் விழுகிறார்கள். எல்லாம் முடிந்தபின் பையன் பேச்சற்று, உண்ணாமல் உறங்காமல் மரம்போல் நிற்கிறான். தன் வலுவுக்கு மேல் செலவழித்துவிட்டான். மந்திரத்துக்கு விலை உண்டு, மந்திரம் தனியாக வேலை செய்யாது, அது ஊரின் நிலத்தோடு சேர்ந்துதான் வேலை செய்யும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் சின்னக் கிராமத்துக்கு முன் ஒரு படை தோற்பதை யாரும் நம்புவார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இதையே செய்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். ஏகான் தன் டிராகன்களால் ஆறு அரசுகளைப் பணியவைத்தவன். டோர்ன் மட்டும் பணியவில்லை. காரணம் எளிது: டிராகன் எரிப்பதற்குக் கூடி நிற்கும் படை வேண்டும், ஆள் நிறைந்த கோட்டை வேண்டும். டோர்ன் மக்கள் இரண்டையும் கொடுக்கவில்லை. கோட்டைகளைக் காலியாக விட்டுவிட்டுப் பாலைக்குள் மறைந்தார்கள். ஏகான் வெறுங்கோட்டையில் நின்று வெற்றி என்று அறிவித்துவிட்டுப் போனதும், அவன் நியமித்த காவலனைக் கோபுரத்திலிருந்து தள்ளினார்கள். பாலைக்குள் போன ஒரு பிரபுவின் படை காணாமலே போனது. சில ஆண்டு கழித்து, மதில்மேல் பொருத்திய பொறிவில்லின் இரும்புக்கோல் ஒன்று ராணி ரேனிஸின் டிராகனைக் கண்ணில் துளைத்துக் கீழே விழவைத்தது. எங்கும் வென்ற ஆயுதம் இங்கே இலக்கில்லாமல் நின்றது. நின்ற இடத்தில்தான் ஒரு மரப்பொறிக்கு வாய்ப்புக் கிடைத்தது. வரிசை முக்கியம். முதல் நாளே டிராகனை விழவைத்திருந்தால் முன்னால் அது வென்ற ஆறு அரசுகளையும் நாம் கோழைகள் என்று நினைத்திருப்போம். மதுரை மதிலைச் சிலப்பதிகாரம் விவரிக்கும் இடத்தில் தானே வளைந்து எய்யும் வில், குரங்கு வடிவப் பொறி, கல்லுமிழும் கவண் என்று நீளும் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம், இந்தப் பொறிகளை எதிர்த்து ஒருவன் வரும் கதையைத் தமிழில் யாராவது முழுதாக எழுத வேண்டும் என்று ஆசைப்படுவேன்.

நம்பிக்கைகளும் படையோடு பயணம் செய்கின்றன. சிசிலியின் சைராகுஸ் நகரை முற்றுகையிட்டுச் சலித்த ஏதென்ஸ் படை, கி.மு. 413 ஆகஸ்ட் இறுதியில் கப்பலேறத் தயாரான இரவில் சந்திர கிரகணம் பிடித்தது. நிமித்திகர்கள் மும்முறை ஒன்பது நாள் காத்திருக்கச் சொன்னார்கள். தளபதி நிகியாஸ் பக்தியுள்ளவர், ஒப்புக்கொண்டார். அந்த நாட்களில் துறைமுகத்தின் வாய் அடைபட்டது. பிழைத்தவர்களில் ஏழாயிரம் பேருக்குக் குறையாமல் கல்குவாரிகளில் அடைபட்டதாகத் துசிடிடீஸ் எழுதுகிறார். தன் உலகத்துக்கு நாட்காட்டியும் சகுனமும் வகுத்திருக்கும் எழுத்தாளர் அவற்றைத் திருவிழாவுக்கு மட்டும் பயன்படுத்துவது வீண்.

பெரும்பாலான கதைகளில் பகைவன் ஓடியதும் முரசு முழங்கி அத்தியாயம் முடிந்துவிடுகிறது. எனக்கோ அதற்குப் பிறகுதான் விஷயமே தொடங்குவதாகத் தோன்றுகிறது. ஜப்பானில் காமகுரா அரசு வென்றது. ஆனால் வெளியிலிருந்து வந்தவனை விரட்டியதில் பிடித்த நிலம் எதுவும் இல்லை. வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை. தகேசாகி சுயெநாகா என்ற சாமுராய் பரிசு கேட்டுக் காமகுராவரை போனான். பின்னாளில் தன் போர்ச்செயல்களை ஓவியச் சுருளாகவே வரையச் செய்தான், அது இன்றும் இருக்கிறது. மறுபடி வருவார்களோ என்று கடற்கரைக் காவல் ஆண்டுக்கணக்கில் நீண்டது, செலவும் மனக்கசப்பும் வளர்ந்தன. 1333இல் அந்த அரசு விழுந்தது. சராசந்தன் பதினேழு முறை தோற்றான். கடைசியில் ஊரை இடம்பெயர்த்தவன் கிருஷ்ணன்தான், மதுராவிலிருந்து துவாரகைக்கு. ரண்சோட், போர்க்களத்தை விட்டு நீங்கியவன், என்ற பெயரிலேயே குஜராத்தின் டாகோரில் அவனை வழிபடுகிறார்கள்.

சால்வனின் கதைக்கு வருகிறேன். அவன் துவாரகையைப் பிடிக்கவில்லை. கிருஷ்ணனின் மகன் பிரத்யும்னன் மயங்கி விழுந்து, தேரோட்டி அவனைக் களத்திலிருந்து விலக்க, எழுந்ததும் ஏன் என்னை விலக்கினாய் என்று வெகுண்டு மறுபடி போய்ச் சால்வனைத் துரத்தினான். பிறகு கிருஷ்ணன் திரும்பிவந்து, அழிந்த தோப்புகளையும் ஓய்ந்த ஊரையும் பார்த்துச் சால்வனைக் கடல்வரை தேடிப் போய்ச் சௌபத்தை அழித்தான். படையெடுப்பு முழுத் தோல்வி. ஆனால் இந்தக் கதையைக் கிருஷ்ணன் யாருக்குச் சொல்கிறான், எதற்குச் சொல்கிறான்? காட்டில் இருக்கும் பாண்டவர்களுக்கு, திரௌபதி முன்னிலையில், சூதாட்ட மண்டபத்தில் நான் ஏன் இல்லை என்பதற்கு விடையாகச் சொல்கிறான். சால்வன் வராமலிருந்தால் அவன் அஸ்தினாபுரத்துக்கு வந்து சூதைத் தடுத்திருப்பான். துவாரகையில் பாலம் உடைத்து, சம்பளம் கொடுத்து, மது நிறுத்தி வென்ற வெற்றியின் விலையை அதைப் பற்றி ஒன்றும் அறியாத ஒரு பெண் வேறொரு ஊரில் கொடுத்தாள். தோற்ற படையெடுப்பு ஒன்றைப் பெருங்கதையின் அச்சாணியில் பொருத்துவது எப்படி என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

வந்தவர்களில் எல்லோரும் திரும்பிப் போவதில்லை என்பதையும் எழுத வேண்டும். சிறைப்பட்டவர், காயம்பட்டவர், போக மனமில்லாதவர் என்று சிலர் தங்கிவிடுகிறார்கள். மிளகு வணிகத்துக்காக டச்சுக் கம்பெனி திருவிதாங்கூர்மேல் அனுப்பிய படை 1741இல் குளச்சல் கரையில் இறங்கியது. அவர்கள் அடைப்புக்குள் விழுந்த பீரங்கிக் குண்டு ஒன்று வெடிமருந்தைப் பற்றவைக்க, அரிசிக் கையிருப்பு எரிந்துபோனது. ஆகஸ்டில் சரணடைந்தார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவர் யூஸ்டாகியஸ் டி லனாய். மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்து, வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, கோட்டைகளை வலுப்படுத்தி, வலிய கப்பித்தான் என்ற பேரோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்து 1777இல் இறந்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள், கூரை போன தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள்.